எந்த ‘ஆம்’ எந்தப் பக்கம்? அமெரிக்கத் தேர்தல் இரவில் வாக்கெடுப்புக் கேள்விகளின் முடிவைப் பின்தொடர முழுமையான வழிகாட்டி

2023 ஆகஸ்ட் 9, சென்னையில் காலை ஆறரை மணி. ஒஹாயோ மாநிலத்தின் ‘இஷ்யூ 1’ முடிவு வந்துகொண்டிருந்தது. ‘இல்லை’ பக்கம் நன்றாக முன்னால் இருந்தது. கருக்கலைப்பு உரிமைக்கான வாக்கெடுப்பு என்று எங்கேயோ அரைகுறையாகப் படித்த ஞாபகம். கொலம்பஸில் இருக்கும் சித்தி மகனுக்கு “தோத்துப் போச்சு போலிருக்கே” என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “அண்ணா, அது நவம்பர்லதான் வருது. இன்னிக்குக் கேட்டது வேற கேள்வி. இதுல ‘நோ’ ஜெயிச்சா அந்த உரிமை கேக்கறவங்களுக்குத்தான் சந்தோஷம்.”

அன்று கேட்ட கேள்வி இதுதான்: மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த இனி பாதிக்கு மேல் வாக்கு போதாது, 60 சதவீதம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாமா? 57 சதவீதம் பேர் ‘இல்லை’ என்றார்கள். நவம்பர் 7-ஆம் தேதி கருக்கலைப்பு உரிமைக் கேள்வி வந்தது. அதற்கும் வாய்த்த எண் ‘இஷ்யூ 1’தான்! அதில் 56.8 சதவீதம் ‘ஆம்’. ஆகஸ்டில் அந்த 60 சதவீத விதி ஜெயித்திருந்தால் நவம்பரின் 56.8 தோல்விக் கணக்கில் போயிருக்கும். ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, ஒரே எண். ஒரு தடவை ‘இல்லை’ சொன்ன அணி மறு தடவை ‘ஆம்’ சொன்னது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வாக்கெடுப்புக் கேள்விகளைப் பொறுத்தவரை தேர்தல் இரவின் வேலையில் பெரும்பகுதி முந்தின நாளே முடிந்துவிட வேண்டும். திரையில் எண் ஓட ஆரம்பித்த பிறகு கேள்வியைப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

முதலில் இது என்ன என்று ஒரு வார்த்தை

அமெரிக்காவில் நாடு தழுவிய பொது வாக்கெடுப்பு கிடையாது. மாநிலங்களில் உண்டு. ஆளுநர், செனட்டர் பெயர்கள் இருக்கும் அதே வாக்குச்சீட்டில் சில கேள்விகளும் அச்சாகியிருக்கும். கஞ்சாவைச் சட்டப்படி விற்கலாமா, மரண தண்டனையை எடுத்துவிடலாமா, தன்பாலினத் திருமணத்துக்கான தடையை நீக்கலாமா என்பதுபோல. இவற்றைத்தான் அங்கே ‘பேலட் மெஷர்’ என்கிறார்கள். மாநிலத்துக்கு மாநிலம் புரொபசிஷன், அமெண்ட்மெண்ட், இஷ்யூ, கொஸ்டின், மெஷர் என்று பெயர் மாறும், விஷயம் ஒன்றுதான்.

கேள்வி சீட்டுக்கு வரும் முக்கிய வழிகள் மூன்று. மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவருவது ஒன்று. சட்டமன்றமே அனுப்பிவைப்பது இன்னொன்று. சட்டமன்றம் போட்ட சட்டத்தை ‘வேண்டாம்’ என்று மக்கள் கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்புக்கு இழுப்பது மூன்றாவது. டெலவேர் ஒன்றைத் தவிர மற்ற 49 மாநிலங்களிலும் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த மக்களின் ஒப்புதல் தேவை. கருக்கலைப்பு, கஞ்சா, திருமணம் போன்ற சண்டைகள் வாக்குச்சீட்டுக்கு வந்து நிற்பதற்கு அதுவே பெரிய காரணம்.

நம் ஊர் வாசகருக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே தேர்தல் ஆணையம் ஒரே நாளில், காலை எட்டு மணிக்கு, சுற்று சுற்றாக எண்ணிச் சொல்லும். அங்கே அப்படி ஒரு நாடு தழுவிய ஆணையம் எண்ணுவதில்லை. எண்ணுவது கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை), சில மாநிலங்களில் ஊராட்சிகள். விதிகள் மாநிலத்துக்கு ஒன்று. அன்று இரவு “ஜெயித்தது” என்று சொல்வதும் அரசு இல்லை, செய்தி நிறுவனங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

படி 1: ‘ஆம்’ என்றால் என்ன என்று எழுதி வையுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கவனிக்கப்போகும் ஒவ்வொரு கேள்விக்கும் முதல் வரி இப்படி இருக்கட்டும்: “ஆம் ஜெயித்தால் நாளைக்கு என்ன மாறும்?” ஆதரவா எதிர்ப்பா என்று எழுத வேண்டாம், அங்கேதான் வழுக்கும். என்ன மாறும் என்று மட்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2022 நவம்பர் 8 நல்ல உதாரணம். அன்று ஐந்து மாநிலங்களில் கருக்கலைப்பு தொடர்பான கேள்வி இருந்தது. கலிஃபோர்னியா, மிச்சிகன், வெர்மாண்ட் மூன்றிலும் ‘ஆம்’ ஜெயித்தது. கெண்டக்கியிலும் மொண்டானாவிலும் ‘இல்லை’ ஜெயித்தது. திரையை மட்டும் பார்த்தவர் “மூன்றுக்கு இரண்டு, கலவையான முடிவு” என்றுதான் சொல்லியிருப்பார். உண்மையில் ஐந்திலும் ஒரே பக்கம்தான் ஜெயித்தது. கெண்டக்கியின் கேள்வி “மாநில அரசியல் சட்டத்தில் கருக்கலைப்பு உரிமை எதுவும் இல்லை என்று எழுதலாமா?” என்பது. அதற்கு 52 சதவீதம் பேர் ‘இல்லை’ என்றார்கள். மிச்சிகனின் கேள்வி “உரிமையைச் சேர்க்கலாமா?” என்பது, சுமார் 57 சதவீதம் ‘ஆம்’.

அதே ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி கான்சஸில் நடந்ததும் இப்படித்தான். ‘ஆம்’ என்றால் மாநில அரசியல் சட்டம் கருக்கலைப்பு உரிமை தரவில்லை என்று ஆகும். ‘இல்லை’ என்றால் 2019-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன உரிமை அப்படியே நிற்கும். 59க்கு 41 என்று ‘இல்லை’ ஜெயித்தது.

மெய்ன் மாநிலம் இன்னும் வேடிக்கை. 2009-இல் தன்பாலினத் திருமணச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது, ‘கொஸ்டின் 1’ என்ற எண்ணில். சட்டமன்றம் போட்ட சட்டத்தை ரத்து செய்யலாமா என்பது கேள்வி. ஆக, ‘ஆம்’ போட்டவர் அந்தத் திருமணத்தை வேண்டாம் என்றவர். ‘ஆம்’ ஜெயித்தது. 2012-இல் அதே விஷயம் மறுபடி வந்தது. எண்ணும் அதே ‘கொஸ்டின் 1’. இந்தத் தடவை அனுமதிக்கலாமா என்று கேட்டார்கள். ‘ஆம்’ ஜெயித்தது. ஒரே ஊர் இரண்டு தடவையும் ‘ஆம்’ என்றது, நேரெதிரான இரண்டு விஷயங்களுக்கு.

இந்த வகையில் கவனித்தே ஆக வேண்டியது மிசௌரி. 2024-இல் ‘அமெண்ட்மெண்ட் 3’ கருக்கலைப்பு உரிமையைச் சேர்த்தது, 51.6 சதவீதம் ‘ஆம்’. 2026 நவம்பர் தேர்தலுக்குச் சட்டமன்றம் ஒரு திருத்தத்தை அனுப்பியிருக்கிறது. அந்த 2024 திருத்தத்தையே நீக்குவது அதன் மையம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பாலின மாற்றச் சிகிச்சைத் தடையும் அதில் சேர்ந்திருக்கிறது. இதற்கும் எண் ‘அமெண்ட்மெண்ட் 3’! நீக்குகிறோம் என்பது சீட்டில் தெளிவாக இல்லை என்று வழக்கு நடந்து, வாசகத்தையே மாற்றி எழுத வேண்டி வந்தது. பழைய செய்தியைத் தேடிப் படித்துவிட்டு ‘ஆம்’ என்பதற்குப் பழைய அர்த்தத்தையே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அன்று காலை என் கதிதான் உங்களுக்கும்.

கேள்வியின் முழு வாசகத்தை எங்கே படிப்பது? மாநிலத்தின் ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ அலுவலக இணையதளத்தில் மாதிரி வாக்குச்சீட்டு இருக்கும். (வெளியுறவு அமைச்சரையும் அமெரிக்காவில் அப்படித்தான் அழைப்பார்கள். இவர் வேறு. பெரும்பாலான மாநிலங்களில் தேர்தல் பொறுப்பு இவரிடம்.) பிரசாரக் குழுக்கள் வைக்கும் பெயரை நம்பாதீர்கள். கான்சஸ் திருத்தத்தின் பிரசாரப் பெயருக்கு ‘இருவரையும் மதியுங்கள்’ என்று பொருள். அதை வைத்து யார் என்ன கண்டுபிடிக்க முடியும்?

படி 2: ஜெயிக்க எத்தனை சதவீதம்?

இரண்டாவது வரி. பல மாநிலங்களில் பாதிக்கு மேல் ஒரு வாக்கு இருந்தால் போதும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

ஃபுளோரிடாவில் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 60 சதவீதம் வேண்டும். 2024 நவம்பர் 5-ஆம் தேதி கருக்கலைப்பு உரிமைக் கேள்விக்கு 57.2 சதவீதம் ‘ஆம்’ கிடைத்தது. தோல்வி. அதே சீட்டில் கஞ்சாக் கேள்விக்குச் சுமார் 56. அதுவும் தோல்வி. திரையில் ‘ஆம்’ நீளமான பட்டையாகவும் ‘இல்லை’ குட்டையாகவும் நிற்கும்; ‘வென்றது’ என்ற குறி மட்டும் குட்டைப் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். முதல் தடவை பார்ப்பவர் இணையதளத்தில் கோளாறு என்றே நினைப்பார். இதில் இன்னொரு கூத்து: இந்த 60 சதவீத விதி 2006-இல் ஒரு வாக்கெடுப்பால்தான் வந்தது. அதற்கே கிடைத்தது 57.8 சதவீதம். தான் கொண்டுவந்த வேலியைத் தானே தாண்ட முடியாத விதி!

கொலராடோவில் அரசியல் சட்டத்தில் ஒன்றைச் சேர்க்க 55 சதவீதம் வேண்டும், இருப்பதை நீக்க மட்டும் என்றால் பாதிக்கு மேல் போதும். 2024-இல் ஒரே சீட்டில் இரண்டும் இருந்தன. கருக்கலைப்பு உரிமையைச் சேர்ப்பதற்கு 55 தேவைப்பட்டது. தன்பாலினத் திருமணத் தடை வாசகத்தை நீக்குவதற்குப் பாதி போதும். இரண்டும் அறுபதைத் தாண்டியதால் யாருக்கும் தலைவலி வரவில்லை.

ஹவாயில் அந்தக் கேள்விக்கு ஒன்றும் குறிக்காமல் விட்டாலும் அது ‘இல்லை’ கணக்கில் சேரும். மினசோட்டாவிலும் அதே முறை. நம் நோட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அதை மெனக்கெட்டு அழுத்தினாலும் முடிவு மாறாது, அங்கே சும்மா விட்டாலே மாறும். நீண்ட சீட்டில் கடைசிக் கேள்வி வரை வருவதற்குள் அலுத்துப்போய் விடுகிறவர்கள் நிறையப் பேர். அதனால் இந்த மாநிலங்களில் ‘ஆம்’ 51 என்று திரையில் தெரிந்தால், அது விட்டுப்போன சீட்டுகளையும் சேர்த்த 51-ஆ, சேர்க்காத 51-ஆ என்று பாருங்கள்.

நெவாடாவில் மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் அரசியல் சட்டத் திருத்தம் இரண்டு தேர்தலில் அடுத்தடுத்து ஜெயிக்க வேண்டும். 2024-இல் கருக்கலைப்பு உரிமைக் கேள்வி 64 சதவீதம் வாங்கியது. இருந்தும் சட்டம் ஆகவில்லை, 2026-இல் மறுபடி ஜெயிக்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டாவது தடவை சம்பிரதாயம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். வாக்களிக்கும் முறையை மாற்றும் ஒரு திருத்தம் அங்கே 2022-இல் சுமார் 53 சதவீதத்தோடு ஜெயித்து, 2024-இல் கிட்டத்தட்ட அதே அளவில் தோற்றது.

அப்புறம் நெப்ராஸ்கா. 2024-இல் அங்கே ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கேள்விகள் ஒரே சீட்டில் இருந்தன. ஒன்று கருக்கலைப்பு உரிமையைச் சேர்ப்பது. மற்றொன்று முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு தடை என்று எழுதிவைப்பது. இரண்டுமே ஜெயித்துவிட்டால் எதற்கு அதிக ‘ஆம்’ வாக்கோ அதுதான் நிற்கும் என்பது விதி. கடைசியில் தடைக் கேள்வி 55 சதவீதம் வாங்கியது, உரிமைக் கேள்வி 49-இல் நின்றுவிட்டது, விதிக்கு வேலை வரவில்லை. ஆனால் அன்று இரவு முழுக்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

படி 3: நம் ஊர் கடிகாரத்தில் நேரம் குறியுங்கள்

2026 நவம்பர் 3 போன்ற தேதியில், அமெரிக்கா கடிகாரத்தைக் குளிர்கால நேரத்துக்குத் திருப்பிய பிறகு, கிழக்குக் கரைக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். ஆகஸ்ட் மாதிரி கோடையில் நடந்தால் ஒன்பதரை. ஆகவே செவ்வாய்க்கிழமை இரவு நமக்குப் புதன்கிழமை காலை. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் கீழே உள்ள நேரத்தோடு இரண்டரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

ஃபுளோரிடாவின் பெரும்பகுதியில் வாக்குப்பதிவு முடிவது நமக்குக் காலை 5.30. மேற்கு ஓரத்தில் சில கவுண்டிகள் வேறு நேர மண்டலத்தில் இருப்பதால் அவை 6.30. மிசௌரியும் 6.30. நெப்ராஸ்கா 7.30. அரிசோனாவில் வாக்குப்பதிவு முடிவதும் 7.30தான், ஆனால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் முதல் எண்ணை வெளியிடலாம் என்பது அங்கே சட்டம், அதனால் 8.30-க்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பயனில்லை. நெவாடாவும் 8.30, ஆனால் மாநிலத்தில் கடைசி வரிசையில் நிற்பவரும் வாக்களித்த பிறகே எண் வரும். கலிஃபோர்னியா 9.30. அதைப் பார்க்க ஆரம்பிக்கும்போது நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள். பரவாயில்லை, கலிஃபோர்னியா அவசரப்படுத்தும் மாநிலம் இல்லை.

படி 4: இரண்டு ஜன்னல் போதும்

ஒரு ஜன்னலில் மாநில அரசின் முடிவுப் பக்கம். இன்னொன்றில் அசோசியேட்டட் பிரஸ் (சுருக்கமாக ஏபி) என்ற செய்தி நிறுவனத்தின் எண்ணைக் கொடுக்கும் ஏதாவது ஒரு செய்தித் தளம். அவ்வளவுதான்.

ஏபி ஒவ்வொரு கவுண்டியிலிருந்தும் எண்ணை வாங்கி ஒன்று சேர்க்கிறது. 2024 தேர்தலில் ஏபிசி, சிபிஎஸ், சிஎன்என், என்பிசி தொலைக்காட்சிகள் எடிசன் ரிசர்ச் என்ற நிறுவனத்திடமிருந்து வாங்கின. எண் வரும் வழி இப்படி வேறுவேறாக இருக்கும்போது, ஒரே நிமிடத்தில் இரண்டு திரையில் இரண்டு எண் தெரிந்தால் யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. ஒருவருக்கு ஒரு கவுண்டி முன்னால் வந்திருக்கும், அவ்வளவே. இந்த வித்தியாசத்தைப் படம்பிடித்துப் போட்டு ‘மோசடி’ என்று கத்தும் பதிவுகள் ஒவ்வொரு தேர்தலிலும் சுற்றுக்கு வரும்.

‘92 சதவீதம் எண்ணியாயிற்று’ என்று போட்டிருப்பதும் ஒரு மதிப்பீடுதான். மொத்தம் எத்தனை பேர் வாக்களித்திருப்பார்கள் என்று கணித்து, அதில் எத்தனை வந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். மொத்தம் மாறினால் சதவீதமும் மாறும். 92 இருந்தது 89 ஆகிவிட்டதே என்று பதற வேண்டாம்.

படி 5: எந்த வாக்கு முதலில் வருகிறது என்று பாருங்கள்

பெரும்பாலும் முதலில் வருவது முன்கூட்டியே போட்ட வாக்கும் தபால் வாக்கும். ஃபுளோரிடாவில் வாக்குப்பதிவு முடிந்த அரை மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அன்றன்று வாக்குச்சாவடியில் விழுந்தது பிறகு வரும். இந்த இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி வாக்களிப்பதில்லை. முதல் எண்ணை வைத்து முடிவு சொல்வது, இங்கே தபால் வாக்கு எண்ணும்போதே மாலை வாங்கி வைப்பது போலத்தான்.

கான்சஸ் 2022-ஐ எடுத்துக்கொள்வோம். மாநிலத்தில் 105 கவுண்டிகள். கிழக்கு ஓரத்தில், கான்சஸ் சிட்டிக்குப் பக்கத்தில் ஜான்சன் கவுண்டி; மக்கள்தொகையில் அதுதான் பெரியது. அங்கிருந்து முன்கூட்டியே போட்ட வாக்கு வந்து விழுந்ததும் ‘இல்லை’ பெரிதாக முன்னால் போனது. அது ஆச்சரியம் இல்லை. ஜான்சன் அப்படித்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் அதன் பிறகு இரண்டு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று விச்சிட்டா நகரம் இருக்கும் செட்ஜ்விக் கவுண்டி. 2020-இல் டிரம்ப் ஜெயித்த இடம். அங்கேயும் ‘இல்லை’ முன்னால் இருந்தது. இரண்டாவது மேற்கில் இருக்கும் கோதுமைக் காட்டுக் கவுண்டிகள். அங்கே ‘ஆம்’ ஜெயித்தது, ஆனால் டிரம்புக்கு விழுந்த அளவுக்கு விழவில்லை. ‘ஆம்’ தரப்பு ஜான்சனின் இடைவெளியை அடைக்க வேண்டுமென்றால் மேற்கில் அள்ளியிருக்க வேண்டும்; அள்ளவில்லை. மூன்று மணி நேரத்துக்குள் முடிவு அறிவித்துவிட்டார்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கவுண்டியில் இந்தப் பக்கத்துக்கு வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு? ஒரு பக்கம் ஒரு கவுண்டியில் ஜெயித்தும், மாநிலத்தில் தோற்றுக்கொண்டிருக்கலாம்.

மிச்சக் கணக்கை நீங்களே போடலாம், பெரிய வித்தை இல்லை. ஃபுளோரிடா மாதிரி 60 வேண்டிய இடத்தில் 90 சதவீதம் எண்ணிய பிறகு ‘ஆம்’ 57.2-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.9 × 57.2 = சுமார் 51.5. அறுபதுக்கு இன்னும் 8.5 வேண்டும். மிச்சம் இருப்பதே பத்து. எண்ணாத வாக்கில் நூற்றுக்கு 85 பேர் ‘ஆம்’ போட்டிருந்தால்தான் நடக்கும். அதுவரை 57 வந்த மாநிலத்தில் திடீரென்று 85 எங்கிருந்து வரும்? பேனாவை மூடி வைத்துவிட்டு அடுத்த மாநிலத்துக்குப் போகலாம்.

படி 6: கட்சி வரைபடத்தை ஒதுக்கி வையுங்கள்

சிவப்பு மாநிலம் (டிரம்பின் குடியரசுக் கட்சிப் பக்கம்), நீல மாநிலம் (ஒபாமாவின் ஜனநாயகக் கட்சிப் பக்கம்) என்ற கணக்கு இங்கே கைவிட்டுவிடும். 2024-இல் ஃபுளோரிடாவில் டிரம்ப் வாங்கியது 56.1 சதவீதம். கருக்கலைப்பு உரிமைக் கேள்வி வாங்கியது 57.2. அதாவது ஜெயித்தவரைவிடத் தோற்ற கேள்விக்கு விகிதம் அதிகம்! மிசௌரியில் டிரம்ப் 58 சதவீதத்துக்கு மேல் வாங்கிய அதே இரவு, அதே சீட்டில், உரிமைக் கேள்வியும் ஜெயித்தது. மறுபக்கமும் உண்டு. 2008-இல் கலிஃபோர்னியா ஒபாமாவுக்கு 61 சதவீதம் கொடுத்தது. அதே நாள் தன்பாலினத் திருமணத்தைத் தடுக்கும் ‘புரொபசிஷன் 8’-க்கு 52 சதவீதம் ‘ஆம்’ சொன்னது. (இங்கேயும் ‘ஆம்’ என்றால் தடை. படி 1-ஐ மறக்க வேண்டாம்.)

எனவே ஜனாதிபதி அல்லது ஆளுநர் போட்டியின் போக்கை வைத்து வாக்கெடுப்பை ஊகிக்காதீர்கள். முடிந்தால், அதே மாநிலத்தில் அதே விஷயத்துக்கு முன்பு நடந்த வாக்கெடுப்பின் கவுண்டி வாரியான முடிவைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மிசௌரி 2026-க்கு மிசௌரி 2024-ஐ விட நல்ல அளவுகோல் கிடையாது. ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டையும் இடம் மாற்றிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 7: ‘அறிவித்தார்கள்’ என்றால் எவ்வளவு நம்பலாம்?

ஏபி ஒரு முடிவை அறிவிப்பது, பின்னால் இருப்பவர் இனி எட்டிப் பிடிக்க வழியே இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்த பிறகுதான். மிச்ச வாக்கு எங்கே இருக்கிறது, எப்படிப்பட்ட வாக்கு என்றெல்லாம் பார்த்துத்தான் சொல்வார்கள். எல்லா மாநிலத்தின் எல்லாக் கேள்விக்கும் அறிவிப்பு வராது என்பதையும் கவனியுங்கள். சிறிய கேள்விகளுக்கு மாநிலப் பக்கத்தையே நம்ப வேண்டும்.

அறிவிப்பு வரவில்லை என்றால் சும்மா இருக்கப் பழகுங்கள். 2024-இல் கலிஃபோர்னியாவில் தேர்தல் நாளன்று தபால் முத்திரை விழுந்த வாக்கு ஒரு வாரம் கழித்து வந்தாலும் எண்ணினார்கள். அந்தத் தேர்தலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 18 டாலர் ஆக்கும் கேள்வி மிகக் குறுகிய வித்தியாசத்தில் தோற்றது. அது தெரிய இரண்டு வாரம் ஆனது. சிறைக் கைதிகளைக் கட்டாய வேலை வாங்குவதைத் தடுக்கும் கேள்வியின் முடிவுக்கும் பல நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் இரவில் இவற்றைப் பற்றி அடித்துச் சொன்னவர்களில் யார் சரி, யார் தப்பு என்று பின்னால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவர்களுக்கு வசதி.

படி 8: தாளை உடனே கசக்கிப் போடாதீர்கள்

ஜெயித்த கேள்வி மறுநாள் காலையிலேயே நடைமுறைக்கு வந்துவிடாது. ஒஹாயோவில் நவம்பர் 7-இல் ஜெயித்த திருத்தம் டிசம்பர் 7-இல் அமலுக்கு வந்தது. மிசௌரியிலும் அதே முப்பது நாள் கணக்கில் 2024 டிசம்பர் 5. இந்தத் தேதியைத் தாளின் கடைசி வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம் என்று ஒன்றும் இருக்கிறது. 2020-இல் மிசிசிப்பியில் மருத்துவக் கஞ்சாவுக்கான கேள்வி பெரிய பெரும்பான்மையில் ஜெயித்தது. அடுத்த மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காரணம் கஞ்சா இல்லை. ஐந்து நாடாளுமன்றத் தொகுதிகளிலிருந்தும் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி சொல்கிறது, ஆனால் மிசிசிப்பிக்கு இப்போது இருப்பது நான்கே தொகுதி. இல்லாத தொகுதியில் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது? யூட்டாவில் 2024-இல் இரண்டு திருத்தங்கள் சீட்டில் அச்சான பிறகு நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. மக்கள் சீட்டில் அவற்றைப் பார்த்தார்கள். அந்த வாக்குகளை எண்ணவில்லை. அதனால் உங்கள் பட்டியலில் இருக்கும் கேள்வி உயிரோடு இருக்கிறதா என்று தேர்தலுக்கு முந்தின வாரமே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

புரொபசிஷன் 8 எல்லாவற்றையும்விட நீண்ட கதை. 2008-இல் ஜெயித்தது. வழக்கு மேல் வழக்கு. 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் அந்தத் திருமணங்கள் மறுபடி தொடங்கின. இருந்தாலும் தடை வாசகம் மாநில அரசியல் சட்டத்தில் செத்த எழுத்தாக அப்படியே கிடந்தது. 2024-இல் ‘புரொபசிஷன் 3’ வந்து 62 சதவீதத்துக்கு மேல் ‘ஆம்’ வாங்கிய பிறகுதான் அழித்தார்கள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தாளைப் பதினாறு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

மறு எண்ணிக்கையில் ஏதாவது மாறிவிடுமோ என்று காத்திருப்பவர்களுக்கு மறுபடி கான்சஸ். அங்கே வித்தியாசம் சுமார் 1,65,000 வாக்கு. அப்படியும் தோற்ற ‘ஆம்’ தரப்பைச் சேர்ந்த சிலர் ஒன்பது கவுண்டிகளில் திரும்ப எண்ணச் சொல்லிப் பணம் கட்டினார்கள். ஒவ்வொரு சீட்டாக மறுபடி எண்ணி முடித்தபோது மாறியிருந்தது நூறு வாக்குகூட இல்லை.